அச்சுவேலியில் அச்சான இறையியல்

ஈழத்துப் பழைய புத்தகங்களை இணையத்தில் தேடி வாசிக்கிற பழக்கம் உள்ளவர்கள் இந்த முகப்புப் பக்கத்தைக் கண்டிருப்பீர்கள். ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’. எழுதியவர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர். ஆண்டு 1928. அச்சிட்டது ஞானப்பிரகாச யந்திரசாலை, அச்சுவேலி.

கொழும்பு இல்லை, சென்னை இல்லை, யாழ்ப்பாணப் பட்டினம்கூட இல்லை. கோப்பாய், நீர்வேலி, புத்தூர் தாண்டினால் வருகிற ஒரு தோட்டக்கார ஊர். அங்கே இருந்த ஒரு அச்சுக்கூடத்தில், ஒரு கத்தோலிக்கக் குருவானவர் தமிழ் அரசர்களின் வரலாற்றை எழுதி அச்சிட்டிருக்கிறார். இன்றைக்கு அந்தப் புத்தகம் வரலாற்றுத் தட்டில் இருக்கு. அவருடைய அகராதி மொழியியல் தட்டில் இருக்கு. அவர் ஆயுள் முழுக்கச் செய்த வேலை இறையியல். ஆனால் இறையியல் என்ற தட்டில் அவரைத் தேடினால் அநேகமாக ஆள் இல்லை.

இந்தக் கட்டுரை அந்த வெற்றிடத்தைப் பற்றியது. ஞானப்பிரகாசர் ஒருவருக்கு மட்டும் நடந்த கதையும் இல்லை இது. யாழ்ப்பாணத்தில் பிறந்து இறையியல் எழுதிய கனபேருக்கு இதே கதிதான்.

சிறுபான்மைக்குள் சிறுபான்மை

முதலில் ஒரு கணக்கு. 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி இலங்கைத் தமிழர் நாட்டின் சனத்தொகையில் 11 வீதத்தைச் சற்றுத் தாண்டுவார்கள். கிறிஸ்தவர்கள் எல்லா இனங்களையும் சேர்த்து ஏழரை வீதம் அளவில். இரண்டு வட்டமும் ஒன்றையொன்று வெட்டுகிற இடத்தில் இருப்பவர்தான் தமிழ்க் கிறிஸ்தவர். நாட்டுக்குள் தமிழராகச் சிறுபான்மை. தமிழருக்குள் கிறிஸ்தவராகச் சிறுபான்மை. உலகத் திருச்சபைக்குள்ளே, ஐரோப்பியர் கேள்வியும் கேட்டு மறுமொழியும் சொல்லிக்கொண்டிருந்த ஒரு துறையில், மூன்றாம் தடவையும் சிறுபான்மை.

இந்த மூன்று அடுக்கும் எங்கட பேச்சிலேயே பதிந்து கிடக்கு. யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவரை ‘வேதக்காரர்’ என்று சொல்லுவார்கள். தேவாலயம் ‘வேதக்கோயில்’. கத்தோலிக்கர் திருப்பலியைப் ‘பூசை’ என்றுதான் நெடுங்காலம் சொன்னார்கள். வயதானவர்கள் இன்றைக்கும் அப்படித்தான். வேதம் யாருடைய சொல், பூசை யாருடைய சொல்? ஒரு சமயம் இன்னொரு சமயத்தின் சொற்களை எடுத்துக் குடியேறும்போது அந்தச் சொற்களின் பழைய பொருளும் கூடவே வரும். அந்தப் பழைய பொருளோடு என்ன செய்வது என்பதுதான் தமிழில் இறையியல் எழுத வெளிக்கிட்ட ஒவ்வொருவரின் முதல் பிரச்சினை.

இந்தப் பிரச்சினை ஐரோப்பியக் குருமாரோடு மட்டும் வந்ததும் இல்லை. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்க வேதத்தைத் தடைசெய்த பிறகு, மறைவாக வந்து மக்களோடு நின்றவர்கள் கோவாவிலிருந்து வந்த இந்தியக் குருமார். 1687இல் யாழ்ப்பாணம் வந்த யோசப் வாஸ் கொங்கணிக்காரர். அவருக்குப் பின் வந்த ஜாகோமே கொன்சால்வெஸும் கோவாக்காரர்தான். அவர் சிங்களத்திலும் தமிழிலும் எழுதினார். அவருடைய தமிழ் நூல் ஒன்றின் பெயர் ‘தேவ அருள் வேத புராணம்’. நான்கு சொல்லையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றுகூட ஐரோப்பாவிலிருந்து வந்ததில்லை.

வைத்தியலிங்கம் ஞானப்பிரகாசர் ஆன கதை

1875 ஓகஸ்ட் 30 அன்று மானிப்பாயில் ஒரு சைவக் குடும்பத்தில் பிறந்தவருக்கு வைத்த பெயர் வைத்தியலிங்கம். தகப்பன் சுவாமிநாதபிள்ளை, தாய் தங்கமுத்து. தகப்பன் இறந்தபோது பிள்ளைக்கு நல்ல சின்ன வயது. தாய் பிறகு அச்சுவேலியைச் சேர்ந்த கத்தோலிக்கரான தம்பிமுத்துப்பிள்ளையை மறுமணம் செய்தார். தாயோடு மகனும் கத்தோலிக்க வேதத்துக்கு வந்தார். வைத்தியலிங்கம் ஞானப்பிரகாசர் ஆனது இந்த அச்சுவேலி வீட்டில்.

தம்பிமுத்துப்பிள்ளை சும்மா ஒரு ஊர்ப் பெரியவர் இல்லை. அச்சுக்கூடம் நடத்தியவர். கத்தோலிக்கத் தமிழ் நூல்கள் பல அந்த ஊரிலிருந்து வெளிவந்தன. 1939இல் லண்டனில் ‘பொயற்றி லண்டன்’ என்ற கவிதை இதழைத் தொடங்கி ஆங்கில இலக்கிய உலகத்தில் பெயர் எடுத்த தம்பிமுத்துவும் இதே குடும்பத்தின் பேரப்பிள்ளைதான். எழுத்தும் மையும் அச்சுக்கோப்பும் நடமாடிய வீட்டில் ஒரு பெடியன் வளர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தக் குடும்பம் நல்ல உதாரணம்.

பெயரிலும் ஒரு கதை இருக்கு. கத்தோலிக்கருக்கு ஞானப்பிரகாசியார் என்றால் இத்தாலியப் புனிதர் அலோசியஸ் கொன்சாகா. யாழ்ப்பாணத்துச் சைவருக்கு ஞானப்பிரகாசர் என்றால் 17ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலியில் வாழ்ந்த ஞானப்பிரகாச முனிவர். போர்த்துக்கேயரின் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஒரு பசு முறைவைத்துக் கொடுக்கவேண்டியிருந்தது என்றும், தன் முறை வந்தபோது கொடுக்க மனமில்லாமல் இரவோடிரவாக இந்தியாவுக்குப் போய்விட்டார் என்றும் அவரைப் பற்றி ஒரு வழிவழிக் கதை. சிவஞானசித்தியாருக்கு உரை எழுதினவர் அவர். சிதம்பரத்தில் அவர் வெட்டுவித்த குளம் அவர் பெயரிலேயே இருக்கு.

கத்தோலிக்க ஆட்சிக்குத் தப்பி ஓடிய ஒரு சைவ ஞானியின் பெயர், 250 வருசத்துக்குப் பிறகு, சைவ வீட்டில் பிறந்து கத்தோலிக்கரான ஒருவருக்கு. அந்தப் பெயரைக் கேட்கிற சைவக்காரருக்கு ஒரு நினைவு வரும், வேதக்காரருக்கு இன்னொரு நினைவு வரும். இரண்டு நினைவுக்கும் நடுவில்தான் அவர் ஆயுள் முழுக்க எழுதினார்.

படிப்பு முடிந்து கொஞ்சக் காலம் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக வேலை. பிறகு அதை விட்டுவிட்டுக் குருமடம் போனார். 1901 டிசம்பர் 1 அன்று அமலமரித் தியாகிகள் சபைக் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அதன் பிறகு பெரும்பாலான காலம் நல்லூர்தான் களம். சைவத்தின் நடுவீடு என்று சொல்லத்தக்க நல்லூர். ஒன்றை மனதில் வையுங்கள்: அவர் உயிரோடு இருந்தவரை யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் ஆயர்கள் எல்லாரும் ஐரோப்பியர். முதல் தமிழ் ஆயரான எமிலியானுஸ்பிள்ளை பொறுப்பேற்றது 1950இல். ஞானப்பிரகாசர் 1947 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.

சண்டை பிடிக்கப் படித்த படிப்பு

அவர் எழுத வந்த சூழல் விளங்காமல் அவரை வாசித்தால் கோபம்தான் வரும். யாழ்ப்பாணத்தில் அப்போது சமயம் என்றால் வாதம். கண்டனம், கண்டனத்துக்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு.

இந்த விளையாட்டின் பெரிய ஆட்டக்காரர் ஆறுமுக நாவலர். மெதடிஸ்த மிசனரி பேர்சிவலோடு சேர்ந்து விவிலியத்தைத் தமிழாக்கியவர் அவர். சைவப் பிள்ளை ஒருவர் வருசக்கணக்காக விவிலியத்தை வசனம் வசனமாகத் தமிழில் நிறுத்துப் பார்த்திருக்கிறார். அதன் பலன் 1854இல் வந்த ‘சைவதூஷணபரிகாரம்’. சைவக் கிரியைகளைப் பழித்த மிசனரிமாருக்கு அவர் விவிலியத்தைக் கொண்டே மறுமொழி சொன்னார். உங்கட பழைய ஏற்பாட்டிலும் ஆலயம் இருக்கு, தூபம் இருக்கு, பலி இருக்கு, தீட்டு இருக்கு. பிறகு எங்கட கோயிலில் மட்டும் என்ன குற்றம் என்பது வாதத்தின் சாரம். அது கண்டன நூல்தான். ஆனால் எதிராளியின் நூலை அவ்வளவு வடிவாக வாசித்து எழுதியதை ஒப்பீட்டு இறையியல் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

ஞானப்பிரகாசர் அதே ஆட்டத்தை மற்றப் பக்கம் நின்று ஆடினார். சைவ சித்தாந்தத்தைப் படித்தார். அவருடைய சித்தாந்த விமர்சன நூல் 1917இல் திருச்சிராப்பள்ளியில் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. சைவ சித்தாந்தத்தை அதற்கு முதல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்களில் வெள்ளைக்கார மிசனரிமார் முக்கியமானவர்கள்: வட்டுக்கோட்டையில் இருந்த ஹொய்சிங்டன் 1850களில் சித்தாந்த நூல்களை மொழிபெயர்த்தார், ஜி.யு. போப் 1900இல் திருவாசகத்தை மொழிபெயர்த்தார். தமிழ்நாட்டில் ஜே.எம். நல்லசுவாமிப்பிள்ளை சைவராக நின்று சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் தந்தார். இந்த வரிசையில் ஞானப்பிரகாசரின் இடம் விசேஷமானது. சைவ வீட்டில் பிறந்தவர், சைவ ஊரில் சீவிப்பவர், சைவரோடு தமிழில் வாதாடுபவர், ஆனால் சைவர் இல்லை.

அந்த நூலில் நடுநிலையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கிடைக்காது. தன் வேதமே சத்திய வேதம் என்ற முடிவோடுதான் அவர் தொடங்குகிறார். ஆனால் வாதாடுவதற்காக என்றாலும் எதிராளியின் நூலைப் படித்தே தீரவேண்டும் என்ற ஒழுங்கு அவரிடம் இருந்தது. பதி, பசு, பாசம் என்றால் என்னவென்று தெரியாமல் சைவத்தைப் பற்றிக் கதைக்க ஏலாது. இன்றைக்கு முகநூலில் மற்றச் சமயத்தைத் திட்டுகிற எங்களில் எத்தனை பேருக்கு அந்த ஒழுங்கு இருக்கு?

வரலாற்றுக்குள் ஒளிந்திருக்கிற இறையியல்

இப்போது 1928ஆம் ஆண்டுப் புத்தகத்துக்கு வருவோம். மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் எழுதிய ‘யாழ்ப்பாண வைபவமாலை’யை ஞானப்பிரகாசர் போர்த்துக்கேயப் பதிவுகளோடு ஒப்பிட்டுச் சோதிக்கிறார். யாழ்ப்பாண வரலாற்றை எழுதுவதில் முதலியார் இராசநாயகமும் இவரும் ஒரே காலத்தவர். முதலியாரின் ‘பண்டைய யாழ்ப்பாணம்’ 1926இல் ஆங்கிலத்தில் வந்தது. இருவருக்கும் ஒத்துப்போகாத இடங்கள் பல.

இதில் இறையியல் எங்கே என்று கேட்பீர்கள். சங்கிலியனில் இருக்கு.

1544இல் மன்னாரில் பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்ற மக்களை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்லுவித்தான். அறுநூறு பேரளவில் என்று சொல்லப்படுகிறது. கத்தோலிக்கருக்கு அவர்கள் மறைசாட்சிகள். பிறகு 1619இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயரிடம் விழுந்தபோது கடைசி அரசனாக இருந்தவனும் ஒரு சங்கிலிதான். கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். தமிழருக்கு அவன் அந்நியனோடு போராடிய கடைசி மன்னன். நல்லூர் முத்திரைச்சந்தியில் வாளோடு குதிரையில் சிலையாக நிற்கிறான். வைபவமாலை இந்த இருவரையும் ஒரே ஆளாக்கிக் கதை சொல்கிறது. இருவருக்கும் இடையில் முக்கால் நூற்றாண்டு இடைவெளி இருப்பது போர்த்துக்கேய ஆவணங்களோடு வைத்துப் பார்க்கும்போதுதான் தெளிவாகத் தெரியும். அந்த ஒப்பீட்டு வேலையைத் தமிழில் செய்தவர்களில் ஞானப்பிரகாசர் முன்னோடி.

ஒரு தமிழ்க் கத்தோலிக்கருக்குச் சங்கிலியன் யார்? தன் இனத்தின் அரசனா, தன் வேதத்தின் முதல் சாட்சிகளைக் கொன்றவனா? இதற்கு மறுமொழி சொல்லாமல் அந்த மனிதரால் வரலாறு எழுத ஏலாது. பெரும்பான்மைச் சமயத்துக்காரருக்கு இந்தக் கேள்வி வராது. வரவேண்டிய தேவையும் இல்லை. 1924இல் ஆங்கிலத்தில் இலங்கைக் கத்தோலிக்கத் திருச்சபையின் தொடக்ககால வரலாற்றை எழுதினார். நான்கு வருசம் கழித்து யாழ்ப்பாணத் தமிழரசர்களின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரு ஆள் தன் இரண்டு சொந்தத்தையும் ஒன்றுக்கொன்று கணக்குச் சொல்ல வைக்கிறது தெரியும். அவர் கணக்கு எல்லா இடத்திலும் சரி என்று நான் சொல்லவரவில்லை. அவருடைய சாய்வைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் கவனித்துத்தான் வாசிக்கவேண்டியிருக்கு. ஆனால் சிறுபான்மைக்குள் சிறுபான்மையாக இருந்தால்தான் வருகிற கேள்வி அது.

1938 முதல் பகுதி பகுதியாக வரத் தொடங்கிய ‘சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி’ அவருடைய கடைசிப் பெரிய வேலை. தமிழ்ச் சொற்களை வேர்வரைக்கும் பிரித்து, இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் வேர்களோடு பொருத்திக் காட்ட முயன்றார். அந்தப் பொருத்தங்களை இன்றைய மொழியியல் பெரிதாக ஏற்பதில்லை. அகராதியும் முற்றுப்பெறவில்லை. ஆனாலும் மக்கள் நினைவில் அவர் நிலைத்தது பன்மொழிப் புலவராகத்தான். மொழி எல்லாருக்கும் பொதுச் சொத்து. இறையியல் அப்படி இல்லை. சைவரும் கத்தோலிக்கரும் சேர்ந்து மாலை போடக்கூடிய ஞானப்பிரகாசர் அகராதிக்கார ஞானப்பிரகாசர் மட்டும்தான். சித்தாந்தத்தோடு சண்டை பிடித்தவரை மெல்லமாக ஒதுக்கி வைத்துவிட்டோம்.

கார்த்தேஜும் கரம்பொனும்

தனிநாயகம் அடிகளுக்கும் இதேதான் நடந்தது. ஊர்காவற்றுறை கரம்பொனில் 1913இல் பிறந்த அவரை எல்லாருக்கும் தெரியும்: ‘தமிழ்க் கல்ச்சர்’ இதழ், 1964இல் உருவான உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம், 1966 கோலாலம்பூர் மாநாடு. ஆனால் அவருடைய முதல் கலாநிதிப் பட்டம் உரோமாபுரியில், இறையியலில் பெற்றது. பொருள்: புனித சிப்ரியான் காலத்துக் கார்த்தேஜ் நகரக் குருமார்.

சிப்ரியான் 3ஆம் நூற்றாண்டு வட ஆபிரிக்க ஆயர். உரோமப் பேரரசின் கரையோரத்தில் இருந்த திருச்சபை அவருடையது. 250 அளவில் பேரரசன் தேசியஸ் எல்லாரும் தேவர்களுக்குப் பலி செலுத்தவேண்டும் என்று கட்டளையிட்டபோது, பயத்தில் பலி செலுத்திய கிறிஸ்தவர்களைத் திரும்பச் சேர்ப்பதா விடுவதா என்பது அங்கே பெரிய தகராறு. யார் முடிவெடுப்பது, ஊர் ஆயரா உரோமா என்ற கேள்வியும் அதோடு வந்தது. தெர்த்துல்லியன், சிப்ரியான், அகுஸ்தீன் ஆகிய மூவரும் ஆபிரிக்க மண்ணில் இருந்து எழுதியவர்கள். இலத்தீன் இறையியலின் அத்திவாரமே கரையோரத்தில் போடப்பட்டதுதான். ஆனால் அதை ஒருவரும் ‘ஆபிரிக்க இறையியல்’ என்று தனித்தட்டில் வைப்பதில்லை. வெறும் ‘இறையியல்’ என்றுதான் வைப்பார்கள். யாழ்ப்பாணத்தான் எழுதினால் அது ஆசிய இறையியல், சூழலிய இறையியல், இல்லாவிட்டால் தமிழ்த்தொண்டு. அடைமொழி இல்லாமல் இறையியலாளர் என்ற பெயர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று பாருங்கள்.

நீங்கள் எத்தனை சைவரைச் சந்தித்திருக்கிறீர்கள்?

புரட்டஸ்தாந்தப் பக்கம் இரண்டு பேரைச் சொல்லியே ஆகவேண்டும்.

ஒருவர் சபாபதி குலேந்திரன். ஞானப்பிரகாசர் காலமான அதே 1947இல், செப்டம்பரில் தென்னிந்திய திருச்சபை உருவானபோது யாழ்ப்பாண ஆதீனத்தின் முதல் ஆயரானவர். 1964இல் லண்டனில் வெளிவந்த அவருடைய ஆங்கில நூல் அருள் என்ற ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் ஒப்பிடுகிறது. பவுல், அகுஸ்தீன், லூதர் ஒரு பக்கம். மற்றப் பக்கம் கீதை, இராமானுசர், குரங்குக்குட்டி பூனைக்குட்டி உவமைகளால் பிரிந்த வைணவ மரபுகள், சைவ சித்தாந்தம். கிரேக்கத்தில் ‘காரிஸ்’ என்று எழுதப்பட்டதும் திருவாசகத்தில் அருள் என்று உருகப்பட்டதும் ஒரே பொருளா? எல்லாம் ஒன்றுதான் என்று அவர் சொல்லிவிட்டுப் போகவில்லை. வேற்றுமையை அழுத்திச் சொல்கிறார். ஞானப்பிரகாசரிடம் இருந்த சண்டைக்குரல் இங்கே இல்லை. ஆனால் எதிராளியின் நூலைப் படி என்ற பழைய யாழ்ப்பாண ஒழுங்கு அப்படியே இருக்கு. தமிழ் விவிலியத்தின் வரலாற்றையும் அவர் தமிழில் எழுதினார். கடவுளை எந்தச் சொல்லால் அழைப்பது, சர்வேசுரன் என்றா, பராபரன் என்றா, தேவன் என்றா என்று மொழிபெயர்ப்பாளர்கள் 200 வருசத்துக்கு மேலாக மாறி மாறி முடிவெடுத்த கதை எங்கட மொழியின் கதையும்தான்.

மற்றவர் டி.ரி. நைல்ஸ். டானியேல் தம்பிராசா நைல்ஸ், 1908இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த மெதடிஸ்த போதகர். 1948இல் அம்ஸ்ரடாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கியபோது ஆரம்ப ஆராதனையில் பேசியவர்களில் ஒருவர். அப்போது அவருக்கு வயது நாற்பது. இருபது வருசம் கழித்து 1968இல் சுவீடனின் உப்சாலாவில் நான்காவது பேரவை. அங்கே ஆரம்பப் பிரசங்கம் செய்ய இருந்தவர் மார்ட்டின் லூதர் கிங். அந்த ஏப்ரலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இடத்தில் நின்று பேசினவர் இந்த யாழ்ப்பாணத்தார்.

நைல்ஸைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படுகிற ஒரு சம்பவம் இருக்கு. 1930களில் அவர் கார்ல் பார்த்தைச் சந்தித்தார். பார்த் 20ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய புரட்டஸ்தாந்த இறையியலாளர் என்று சொல்லப்படுகிற சுவிஸ்காரர். மற்றச் சமயங்கள் எல்லாம் அவிசுவாசமே என்று பார்த் சொல்ல, நீங்கள் எத்தனை இந்துக்களைச் சந்தித்திருக்கிறீர்கள் என்று நைல்ஸ் கேட்டாராம். ஒருவரையும் இல்லை என்று பதில். அப்படியென்றால் எப்படித் தெரியும்? அனுபவத்துக்கு முந்தியே தெரியும் என்ற கருத்தில் பார்த் மறுமொழி சொன்னாராம். நைல்ஸ் தலையை ஆட்டிச் சிரித்ததோடு கதை முடிகிறது.

அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு யாழ்ப்பாணத்தானுக்குப் பெரிய துணிச்சல் தேவைப்பட்டிருக்காது. அயலட்டையில் சைவர், பள்ளிக்கூடத்தில் சைவர், சொந்தத்திலேயே சைவர். மற்றச் சமயம் என்பது அவருக்குப் புத்தகத்தில் வருகிற பிரச்சினை இல்லை. வேலிக்கு அங்கால் இருக்கிற வீடு. பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்தே வந்த வெஸ்லி அரியராஜா உலகத் திருச்சபைகள் மன்றத்தில் சமயங்களுக்கிடையிலான உரையாடல் பிரிவை நடத்தியதும், 1985இல் விவிலியமும் பிற சமயத்தவரும் என்ற பொருளில் எழுதியதும் இந்தத் தொடர்ச்சியில்தான்.

ஆர் இல்லை?

இவ்வளவும் எழுதிவிட்டுப் பார்த்தால் பட்டியலில் எல்லாரும் ஆண்கள். எல்லாரும் குருமார் அல்லது போதகர்கள். குருமடக் கதவு பெண்களுக்குத் திறக்கவில்லை என்பதால் பெண்களிடம் இறையியலே இருக்கவில்லை என்று அர்த்தமில்லை. செபமாலை சொல்லிக் கொடுத்தவர்கள், ஒப்பாரி வைத்தவர்கள், ஞாயிறு வகுப்பு நடத்தியவர்கள் எல்லாரும் கடவுளைப் பற்றி ஏதோ ஒன்றை யோசித்துத்தான் செய்தார்கள். அது அச்சேறவில்லை. தங்கமுத்து என்ற தாயையே எடுங்கள். ஒரு விதவை மறுமணம் செய்து சமயமும் மாறியது அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் லேசான காரியம் இல்லை. அவர் அதைப் பற்றி என்ன நினைத்தார் என்று அவருடைய வாயால் எங்களுக்குச் சொல்ல ஒரு தாளும் இல்லை.

சாதியும் அப்படித்தான். யாழ்ப்பாணத்துக் கோயில்கள் மட்டும் இல்லை, தேவாலயங்களும் சாதியால் பிரிந்து கிடந்தவைதான். இருக்கிற வாங்கு முதல் புதைக்கிற சவக்காலை வரை அந்தப் பிரிவு போனது. நான் மேலே சொன்ன பெரியவர்கள் சைவத்தோடும் ஐரோப்பாவோடும் துணிந்து வாதாடின அளவுக்குச் சாதியோடு வாதாடவில்லை. 1981இல் பெங்களூர் இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் பேசிய பேச்சிலிருந்துதான் தலித் இறையியல் என்று இந்தியாவில் ஒரு துறை வளர்ந்தது என்பார்கள். இந்தியக் கிறிஸ்தவ இறையியல் மேல்சாதித் தத்துவங்களோடு மட்டும் உரையாடியது, பெரும்பான்மைக் கிறிஸ்தவரான ஒடுக்கப்பட்டோரின் அனுபவத்தைக் கேட்கவில்லை என்பது அந்தத் துறையின் அடிப்படைக் குற்றச்சாட்டு. அந்தக் குற்றச்சாட்டு யாழ்ப்பாணத்துக்கும் அச்சொட்டாகப் பொருந்தும். சைவ சித்தாந்தத்தோடு உரையாடுவது என்றால் யாருடைய சைவத்தோடு? வயல்வெளியில் இருந்த அண்ணமாரோடும் நாச்சிமாரோடும் ஒருவரும் ஒப்பீட்டு இறையியல் செய்யவில்லையே.

ஏன் இப்போது?

1981இல் இலங்கை அரசு ஞானப்பிரகாசர் நினைவாக முத்திரை வெளியிட்டது. அதே வருசம் மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள். அந்த நெருப்பைப் பார்த்த அதிர்ச்சியில் உயிர்விட்ட தாவீது அடிகளும் ஒரு கத்தோலிக்கக் குருவானவர்தான். சொற்பிறப்பு ஆய்வில் ஞானப்பிரகாசரின் வழியில் வந்தவர். முகத்தை முத்திரையில் ஒட்டின அதே நாட்டில், அதே வருசம், புத்தகங்கள் சாம்பலாயின.

ஆனால் எல்லாப் பழியையும் நெருப்பில் போட ஏலாது. தப்பின புத்தகங்களையும் நாங்கள் வாசிக்கவில்லை. 2019 மார்ச்சில் சிவராத்திரிக்கு முதல் நாள் திருக்கேதீச்சர வீதியில் ஒரு வளைவு தொடர்பாகச் சைவரும் கத்தோலிக்கரும் மோதிக்கொண்டார்கள். வளைவு பிடுங்கி எறியப்பட்டது. அதன் பிறகு இரண்டு பக்கமும் இணையத்தில் எழுதப்பட்டவற்றை வாசித்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கத்துக்குச் சங்கிலியன் மட்டும் ஞாபகம் வந்தான். மற்றப் பக்கத்துக்கு மறைசாட்சிகள் மட்டும் ஞாபகம் வந்தார்கள். எதிராளியின் நூலைப் படித்துவிட்டு வாதாடு என்ற குறைந்தபட்ச ஒழுங்கு இரண்டு பக்கத்திலும் காணாமல் போயிருந்தது. நாவலரும் ஞானப்பிரகாசரும் ஒருவரையொருவர் மதித்தார்களோ இல்லையோ தெரியாது என்று சொல்லக்கூட வாய்ப்பில்லை. ஞானப்பிரகாசர் பிள்ளையாக இருந்தபோதே, 1879இல், நாவலர் காலமாகிவிட்டார். ஆனால் ஒருவர் விவிலியத்தையும் மற்றவர் சித்தாந்தத்தையும் மேசையில் விரித்து வைத்துத்தான் எழுதினார்கள். அவர்களுடைய சண்டையின் தரத்துக்குக்கூட எங்கட சண்டை வரவில்லை.

அதனால் இவர்களைத் தமிழ்த்தொண்டர் என்று மட்டும் சொல்லிச் சிலைக்கு மாலை போட்டுவிட்டுப் போகாமல், இறையியலாளராக வாசிப்போம் என்கிறேன். அப்படி வாசித்தால் சும்மா புகழ முடியாது. ஞானப்பிரகாசரின் சாய்வோடு சண்டை பிடிக்கவேண்டும். குலேந்திரன் சொன்ன வேற்றுமை சரியா என்று ஒரு சைவ வாசகர் திருவாசகத்தை வைத்துக்கொண்டு கேட்கவேண்டும். நைல்ஸ் பார்த்தைக் கேட்ட கேள்வியை நைல்ஸிடமும் திருப்பிக் கேட்கவேண்டும்: உங்கட ஊரில் எத்தனை ஒடுக்கப்பட்டவர்களின் வீட்டில் இருந்து சாப்பிட்டிருக்கிறீர்கள்?

‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். தமிழ் கொஞ்சம் பழசு. முதல் இருபது பக்கம் கஷ்டப்படுத்தும், பிறகு பழகிவிடும். வாசித்து முடித்தால், அடுத்த தடவை அச்சுவேலிச் சந்தியால் போகும்போது பஸ் யன்னலால் ஒருக்கால் வெளியே பாருங்கள்.